போர்த்துக்கல்லின் முந்திரிகையும் எமது வீட்டுத் தோட்டமும்

நாம் வாழும் ஊவா மாகாணத்தின் பெயரைப் போர்த்துக்கேயர் ஒருவர் கேட்டால் சிறிது திகைப்பார். அவருடைய மொழியில் ‘ஊவா’ என்றால் முந்திரிகைப் பழம். தமிழ்நாட்டார் திராட்சை என்பார்களே, அதுதான். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது, வெறும் ஒலி ஒற்றுமையே. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளைவரை வந்து ஊரை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையில் ரந்தெனிவெலயில் தன் படையோடு மாண்டார். அவர்கள் இங்கே தங்கவில்லை. அவர்களுடைய சொற்கள் சில தங்கிவிட்டன. பீப்பாய் அவர்களுடைய சொல். கள்ளுத் தவறணை என்கிறோமே, அந்தத் தவறணையும் அவர்களுடையதே. தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தையும் தோட்டத்தில் தவறணை என்றே அழைப்பது வேடிக்கைதான்.

இந்தப் பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பது நியாயம். சம்பள நாளன்று கசிப்பும் சாராயமும் லயத்துக் குடும்பங்களுக்கு என்ன செய்கின்றன என்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. போர்த்துக்கல்லின் சிறு விவசாயிகள் தம் கொடிகளை என்ன செய்தார்கள் என்பதை, இடம்பெயர்ந்து புதுக் காணிக்கு வந்திருக்கும் எமது குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டு வைன்களில் நாலைந்தைச் சிறு மிடறுகளாகச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ‘பாகா’ என்ற கறுப்புப் பழத்தின் வைன் நாக்கைப் பிடித்து இழுத்தது. நெல்லிக்காயைக் கடித்தது போன்ற புளிப்பு, பால் விடாத கடும் சாயம் போன்ற துவர்ப்பு. துவர்ப்பைப் பற்றித் தேயிலைத் தோட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘தூரிகா நசியொனால்’ என்ற மற்றொன்றில் பூ வாசம் இருந்தது. ‘அல்வரீஞ்ஞு’ என்ற வெள்ளை வைனில் தோடம்பழத் தோலைக் கிள்ளிய மணம். கண்ணை மூடிக்கொண்டாலும் ஒன்றை மற்றொன்றாகக் கருத முடியாது.

இவை பிரான்சிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய இனங்கள் அல்ல. அந்த மண்ணுக்கே உரியவை. சிறிய நாடாகிய போர்த்துக்கல்லில் ஏறக்குறைய 250 சுதேச முந்திரிகை இனங்கள் இருக்கின்றன. பெயர்களை வைத்தவர்கள் விவசாயிகளே என்பது கேட்டவுடன் விளங்கிவிடும். கொத்தின் வடிவத்தைக் கண்டு ஒன்றுக்குச் ‘செம்மறி வால்’ என்று பெயர். பழத்தில் புள்ளி விழும் இனத்துக்கு ‘ஈ எச்சம்’. புளிப்புத் தாங்க முடியாத ஒன்றுக்கு ‘நாயின் குரல்வளையை நெரிப்பது’! யாழ்ப்பாணத்தார் மாம்பழத்துக்குக் கிளிச்சொண்டு என்றும் கறுத்தக்கொழும்பான் என்றும், நெல்லுக்கு மொட்டைக்கறுப்பன் என்றும் பெயரிட்டது இதே மனத்தோடுதான். பெயர் இருக்கும்வரை ஓர் இனத்தைத் தேடிப் போகலாம். பெயர் மறந்துபோனால் அது ஏதோ ஒரு கொடி, ஏதோ ஒரு செடி.

டோரு ஆற்றங்கரை மலைகளில் பழைய தோட்டங்களில் இருபது முப்பது இனங்களை ஒன்றோடொன்று கலந்தே நட்டார்கள். ஒன்று முந்திப் பழுக்கும், ஒன்று பிந்தும். வறட்சியில் ஒன்று வாடினாலும் இன்னொன்று காய்க்கும். வடக்கே மழை அதிகமுள்ள மீஞ்ஞு பகுதியில் காணி மிகச் சிறிது. அங்கே கொடியை வரம்போரத்து மரங்களில் ஏற்றிவிட்டு, கீழே சோளமும் மரக்கறியும் பயிரிட்டார்கள். 7 பேர்ச் காணியில் குடியேற்றப்பட்ட எமது குடும்பங்களுக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றாது.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நுண்ணிய பூச்சி வேரைத் தின்று அந்நாட்டுத் தோட்டங்களை அழித்தது. லிஸ்பனுக்கு அருகே கடற்கரை மணலில் நட்ட ‘ரமீஷ்கு’ கொடிகள் தப்பின, மணலில் அந்தப் பூச்சி வாழ முடியாததால். மற்ற இடங்களில் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டித்தான் பழைய இனங்களைக் காப்பாற்றினார்கள்.

பூச்சிக்குத் தப்பியவற்றுக்கு அடுத்த சோதனை அபிவிருத்தியின் வடிவில் வந்தது. 1980களில் உலக வங்கியின் உதவியோடு டோருவில் பெருமளவில் மறுநடுகை நடந்தது. ஆய்வாளர்கள் சிறந்தவையென்று தெரிந்தெடுத்த ஐந்து இனங்களுக்கே அதில் முதலிடம். ஆய்வு தவறானதல்ல, அந்த ஐந்தும் நல்ல இனங்களே. ஆயினும் ஐந்துக்குக் கடன் கிடைக்கும்போது ஆறாவதை எந்த விவசாயி நடுவான்? நல்ல வேளையாக, 1978 முதலே அந்தேரு மார்ட்டின்ஷ் என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் பழைய தோட்டங்களுக்குப் போய்க் கொடித் துண்டுகளைச் சேகரித்து வந்தார்கள். ஓர் இனத்தில் ஒரு கொடியை மட்டும் அல்ல, பல இடங்களிலிருந்து பல கொடிகளை எடுத்தார்கள். ஒரே பெயருள்ள கொடிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2009இல் அவ்வேலைக்கென்றே போர்விட் என்ற சங்கமும் அமைக்கப்பட்டது. இன்று அந்நாட்டு வைனைத் தேடி வருவோர் கேட்பது அந்த ஆறாவது, அறுபதாவது இனங்களைத்தான்.

எமது நாட்டிலும் ஒரு முந்திரிகைக் கதை உண்டு. 1928இல் தோமஸ் அடிகளார் வசாவிளானுக்கு அண்மையில் தோலகட்டியில் செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தைத் தொடங்கினார். இன்றும் யாழ்ப்பாணத்தில் தோலகட்டி என்றால் முந்திரிகை இரசமும் நெல்லி இரசமும் நினைவுக்கு வரும். முந்திரிகை அம்மண்ணுக்கு வந்தேறியது. நெல்லி எமது சொந்தப் பழம். இரண்டையும் ஒரே இடத்தில் பிழிந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விடயம். 1990இல் யுத்தம் அப்பகுதி மக்கள் அனைவரையும் துரத்தியபோது துறவிகளும் வெளியேற நேர்ந்தது. பந்தலில் நின்ற கொடியை யார் தூக்கிக்கொண்டு ஓட முடியும்?

இதுவே என் கருத்தின் மையம். ஒரு குடும்பம் இடம்பெயரும்போது வீடும் ஆடும் மாடும் கணக்கில் எழுதப்படுகின்றன. கொல்லையில் நின்ற மிளகுக் கொடியின் இனம், வாழையின் இனம், பாட்டி வைத்திருந்த அவரை விதை ஆகியவற்றுக்குப் படிவத்தில் இடமில்லை. 1977இலும் 1983இலும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களுக்கும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் மூடிய லயங்களில் தப்பியவர்களுக்கும் இந்த இழப்பை யாரும் எண்ணித் தரவில்லை. பின்னர் நிறுவனங்கள் வாகனத்தில் கன்று கொண்டுவந்து ஆளுக்கு நான்கு கொடுக்கின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே கன்று. நல்லெண்ணத்தோடு கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன், “அங்கே நீங்கள் என்ன வைத்திருந்தீர்கள், அம்மா?” என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? எமது சபையின் திட்டங்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

லுணுகலையிலிருந்து கீழே இறங்கினால் பிபிலை. பிபிலைத் தோடம்பழத்தின் பெயர் நாடெங்கும் தெரியும். மேலே ஊவாத் தேயிலையின் யூலை முதல் செப்டெம்பர்வரையான காற்றுக்காலச் சுவைக்கு வெளிநாட்டில் தனி மதிப்பு. கொழும்பு ஏலத்தில் தோட்டத்தின் பெயரைப் பார்த்தே விலை கேட்கிறார்கள். கொழுந்து பறித்தவரின் வீட்டிலோ தூள் தேயிலைதான் கொதிக்கிறது. தன் மலையின் சிறந்த தேயிலையை ஒருமுறையேனும் சுவைத்துப் பார்க்காதவர், அதற்கு என்ன விலை கேட்க வேண்டும் என்று எப்படி அறிவார்? போர்த்துக்கல்லில் கொடி வளர்ப்பவன் தன் வைனை முதலில் தானே சுவைக்கிறான்.

கன்று உண்டாக்கும் தொழில் எமக்குப் புதிதல்ல. ஓர் இலையும் ஒரு கணுவுமுள்ள துண்டை வெட்டி, பையிலிட்டு, நிழலில் வைத்து வீ.பீ. தேயிலையை வளர்த்த பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். மிளகுக் கொடியும் மரவள்ளியும் முருங்கையும் துண்டிலிருந்தே முளைப்பவை. பழைய லயத்துப் பக்கம் இன்னும் போய்வரக்கூடிய குடும்பங்கள், மண்சரிவு ஆபத்தில்லாத வெயில் நாளாகப் பார்த்து ஒருமுறை போய், நின்றவற்றில் துண்டு எடுத்துவரலாம். பையில் பெயரை எழுதுங்கள். எந்த வீட்டுக் கொல்லையில் நின்றது என்பதையும் எழுதுங்கள். ஒரே இனத்தை மூன்று நான்கு வீடுகளில் பிரித்து வையுங்கள். ஒக்டோபரில் மழை தொடங்குமுன் துண்டுகள் வேர்விட்டிருக்க வேண்டுமானால், ஆடி மாதத்திலேயே வெட்டுவது நல்லது.