திண்ணையும் நம்பர் பூட்டும்



சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை பக்கத்து மாடியில் பாட்டு. போய்த் தட்டினேன். இரண்டு நாள் வாடகைக்கு வந்த பையனுக்கு வீட்டுக்காரர் யாரென்றே தெரியவில்லை. பூட்டின் நம்பர் கைப்பேசியில் வந்ததாம்.

வெளியூரார் வரட்டும். வழிப்போக்கருக்குத் திண்ணை வைத்துக் கட்டிய ஊர் இது. வைசியாள் வீதியைப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. ஆனால் திண்ணைக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. கேட்க ஆள் இருந்தது.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என்பது சட்டம். பூட்டா தரும்?

இப்படி வீடு விடும் பிள்ளைகளே, வாசலில் உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதிவையுங்கள். நள்ளிரவில் நான் கூப்பிட்டால் எடுங்கள்.