கேட்கத் துணிந்தவனுக்கு

எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கொல்லிமலையின் செம்மேட்டிலோ அதைச் சூழ்ந்த, 'நாடு' எனப்படும் ஊர்த்தொகுதிகளிலோ பிறந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கணினியைத் தொடுகிற ஒரு மாணவன், வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கூடிப்போனாலும் இயங்க மறுக்கும் பைதான் மொழியில் தான் எழுதிய பத்து வரி நிரல் ஏன் நின்றுபோயிற்று என்று, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் நிரலர்களின் வினாவிடைத் தளத்தில் கேட்பானாகில், பலமுறை அவனுக்குக் கிட்டுவது விடையன்று. 'இது முன்பே கேட்கப்பட்டது' என்ற முத்திரையுடன் கேள்வி மூடப்படுவதும் எதிர்வாக்குகளுமே.

ஒரே வினா பெருகினால் அறிவுக் களஞ்சியம் சீர்குலையும் என்பது நியாயமான வாதம். ஊதியமின்றி விடையளிப்போரின் சிரமமும் மெய்யே. ஆயினும், பழைய விடையைத் தேடுவதற்கே தக்க சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அச்சொற்கள் புதியவனிடம் இல்லை. அந்த அஞ்ஞானத்தைக் குற்றமாகக் கருதுவது அநீதி. புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தன் தளம் இணக்கமாக இல்லையென்று 2018-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில், லினக்ஸ் இயங்குதளக் கருவைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸும் சக நிரலர்களிடம் பயன்படுத்திய தம் கடுஞ்சொற்களுக்காக மன்னிப்புக் கோரினார்.

நம்மிடையே, 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இதழின் சேவை போற்றத்தக்கது. தாய்மொழியில் அடிப்படையைக் கற்றவன் அயல்மொழியிலும் அச்சமின்றிக் கேட்பான்.

நிரலெழுதத் தெரிந்த தமிழன்பர்களே, புதியவன் ஒருவனின் கேள்வியை மூட வாக்களிக்குமுன், பிழை எந்த வரியில் இருக்கிறதென்று அவனுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள்.