அறிந்து பறிப்போம்

மழை ஓய்ந்த சில நாள்களில் வயல் வரப்பிலும் தெருவோரத்திலும் தானே முளைக்கும் சிறுசெடி கீழாநெல்லி. அதன் கிளையைத் திருப்பிப் பார்த்தால், கடுகளவான பசுங்காய்கள் இலைகளின் கீழே வரிசையாய்த் தோன்றும். பெயரே அடையாளமாகும்படி முன்னோர் சூட்டியுள்ளனர். எனினும், பெயர் மட்டும் போதாது. இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியும் இலைக்கடியில்தான் காய்க்கும். அதன் காய்கள் காம்பில்லாதனபோல் ஒட்டிச் சொரசொரப்பாய் இருக்கும்; கீழாநெல்லிக் காய்களோ சிறு காம்புடன் வழவழப்பாய் இருக்கும்.

பறிக்குமிடமும் கருதத்தக்கது. சாக்கடையோரமும் பூச்சிக்கொல்லி தெளித்த வயலும் மருந்துக்கு ஆகா. சில செடிகளை விதைக்கென விட்டுவைத்தலும் பறிப்போர் கடமை.

மஞ்சள் காமாலைக்கு இதனை அரைத்து மோரில் கலந்து அருந்துவது நெடுநாள் வழக்கம். கல்லீரல் அழற்சி 'பி' நச்சுயிரியைத் தாங்கியோரிடம் இச்செடி நற்பயன் தந்ததாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் பல அப்பயனைக் காணவில்லை. முன்னதை மட்டும் சொல்லி மகிழ்வது அறிவாகாது.

காமாலை நோயன்று, நோயின் அறிகுறி. அது நச்சுயிரியாலும் வரும். பித்தநாள அடைப்பாலும் வரும். அடைப்பைச் செடி நீக்காது. வீட்டு மருந்தை நம்பிக் காலங்கடத்தி உயிரிழந்தால், பழி செடிக்குரியதன்று. நம் அரைகுறை அறிவுக்கே உரியது. முதலில் குருதிச் சோதனை; பின்னரே, தகுதி பெற்ற மருத்துவரின் சொற்படி மூலிகை. மூலிகையின் ஆற்றலோடு அதன் எல்லையையும் அறிவதே அதனைப் போற்றும் முறையாகும்.