கால் உளைவும் கொலஸ்டரோல் குளிசையும்



சென்ற மாதம் கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். "கொலஸ்டரோல் குளிசை போட்டால் கால் இரண்டும் உளையுது அக்கா. நிப்பாட்டிப் போட்டன். டொக்டரிட்டைச் சொல்லப் பயமாக் கிடக்கு." இதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. நானும் இதையே செய்தவள்.

2021இல் எனக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து வந்தபின் இரவில் போடும்படி அட்டோவஸ்டற்றின் 40 மில்லிகிராம் தந்தார்கள். இரண்டு மாதத்தில் தொடைகள் இரண்டும் உளையத் தொடங்கின. நான் தையல் மெஷின் மிதித்துச் சீவிக்கிறவள். அவர் இல்லாத வீட்டில் உழைப்பது என் கால்கள்தான். கால் போனால் அடுப்பு எரியாது என்ற பயத்தில் குளிசையை நிறுத்தினேன். மாதாமாதம் கிளினிக்கில் தருவதை வாங்கி வந்து ஒரு போத்தலில் போட்டு வைத்தேன். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து ஊரில் பலர் குளிசைக்கு அலைந்தபோது என் அலுமாரியில் அந்தப் போத்தல் நிறைந்து கிடந்தது. இன்றும் நினைத்தால் வெட்கம்.

ஏன் சொல்லவில்லை? விடியவே போய் வரிசையில் இருந்தால் டொக்டரைக் காணக் கிடைப்பது இரண்டு நிமிடம். சில நாட்களில் மொழியும் இடிக்கும். ஏச்சு விழும் என்ற பயம் வேறு.

பிறகு ஒருநாள் இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஏறியிருந்தது. புதிதாக வந்திருந்த பெண் டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "அம்மா, குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். அழுதுவிட்டேன். அவர் ஏசவில்லை, கேள்விதான் கேட்டார். ஒரு காலா, இரண்டுமா? மூட்டா, தசையா? எப்போது தொடங்கியது? வேறு மருந்து ஏதும் போட்டீர்களா?

என் இடது கெண்டைக்காலில் 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் குத்தும். அந்த நோவு ஒரு பக்கம், இந்த உளைவு இரண்டு தொடையிலும் என்று சொன்னேன். இந்தக் குளிசையால் வரும் நோவு பெரும்பாலும் உடம்பின் இரு பக்கமும், தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், தொடங்கிய சில வாரங்களில் அல்லது மாதங்களில் வரும் என்றார். காயப்பட்ட நாங்கள் எல்லா நோவையும் பழைய காயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம், அல்லது எல்லாவற்றையும் புது மருந்தின் கணக்கில். பிரித்துச் சொல்வது டொக்டருக்குப் பெரிய உதவி.

தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் சீ.கே. பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் எழுதித் தந்தார். எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தைரொயிட் குறைவு என்று இதே மாதிரித்தான் பிடிபட்டது. தைரொயிட் குறைந்தால் தசையும் நோகும், கொலஸ்டரோலும் ஏறும். அதைச் சரிப்படுத்தாமல் இந்தக் குளிசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து டொக்டர் கணக்கு ஒன்று சொன்னார். 1994இல் வடஐரோப்பிய நாடுகளில் 4444 இருதய நோயாளரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்தரை வருடத்தில் வெறும் குளிசை போட்டவர்களில் 100க்கு 12 பேர் இறந்தார்கள். சிம்வஸ்டற்றின் போட்டவர்களில் 100க்கு 8 பேர். மாரடைப்பு வந்த எனக்கு அந்த நாலு பேர் சின்னக் கணக்கல்ல.

இன்னொன்றும் சொன்னார். பக்கவிளைவால் குளிசையை விட்ட 60 பேருக்கு இங்கிலாந்தில் சில மாதம் உண்மைக் குளிசை, சில மாதம் வெறும் குளிசை, சில மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்களாம். 2020இல் முடிவு வந்தது. வெறும் குளிசை போட்ட மாதங்களிலும் ஏறக்குறைய அதே அளவு உபாதை.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் பொய் சொல்லுறனோ டொக்டர்?"

"இல்லை அம்மா. நோவு மெய். எதனால் எண்டதுதான் கேள்வி."

மனப்பிரமை என்று சொல்லி எங்கள் எத்தனை நோவைத் தட்டிவிட்டிருக்கிறார்கள்! அதனால்தான் அந்தப் பதில் எனக்கு மருந்தாக இருந்தது. சிலருக்கு மருந்தே உண்மைக் காரணம் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

நாலு கிழமை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். இம்முறை அவருக்குத் தெரிந்தே. உளைவு கொஞ்சம் குறைந்தது, முழுதாக விடவில்லை. பிறகு வேறு வகையான ரொசுவஸ்டற்றின் 5 மில்லிகிராம், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பின் தினமும். அது போதாதபடியால், குடல் கொழுப்பை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெற்றிமைப் 10 மில்லிகிராமும் சேர்த்தார். வெளியில் வாங்க முடியுமா என்று முதலே கேட்டார். நான் பாமசியில் விலை விசாரித்து வந்தபிறகே எழுதினார். ஊசி மருந்துகளும் உண்டு, ஆனால் அந்த விலை எங்களுக்கு எட்டாது.

உள்ளி தின்றால் போதும் என்று சொல்ல ஊரில் ஆட்கள் குறைவில்லை. கறியில் உள்ளி போடுங்கள், குளிசைக்குப் பதிலாக வேண்டாம். கட்டிப்பாலைக் குறைத்தேன், பொரியலை விட்டேன், நடக்கிறேன். மாரடைப்பு வந்த எனக்கு அது மட்டும் போதாது. மாரடைப்போ நீரிழிவோ இல்லாமல் கொலஸ்டரோல் சற்றே கூடியவர்கள், முதலில் சாப்பாட்டையும் நடையையும் பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம். பிள்ளை பெற நினைக்கும் இளம் சகோதரிகள் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லவேண்டும்.

தாங்க முடியாத தசைநோவு, பலவீனம், சலம் தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போதல் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். குளிசையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது என் எல்.டி.எல். இறங்கிவிட்டது. பின்னேரங்களில் தொடை இன்னும் கொஞ்சம் உளையும். ஒரேயடியாக மிதிக்காமல் இடையிடையே எழும்பி நடக்கிறேன். கடிதம் எழுதிய சகோதரி, போடாமல் வைத்த குளிசைகளையும் கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எந்தப் பக்கம், எப்போதிருந்து என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம். என் கொப்பிக்குள்ளும் அடுத்த கிளினிக்குக்கு ஒரு துண்டு இருக்கிறது. "இடது தோள், பத்து நாளாய்."