குறைமாதப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களே, டின்னை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்



குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பால்மா டின்னோடு போவது நம் ஊரில் ஒரு மரியாதையாகிவிட்டது. டின்னை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. "ஒன்ட பால்ல கொழுப்பில்ல போல மகள், பிள்ள மெலிஞ்சு கிடக்கு. இதக் குடு, மூளைக்கு நல்லம் எண்டு டின்னிலயே போட்டிருக்கு" என்று அந்த உம்மாவின் மனதையும் உடைத்துவிட்டு வருகிறோம்.

டின்னில் போட்டிருப்பது டீஎச்ஏ. மீனில் உள்ள ஒரு கொழுப்பு. மூளைக்கும் கண்ணுக்கும் தேவையானதுதான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அது பிள்ளையின் மூளையில் அதிகம் சேருகிறது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது குறைவுதான். இதுவரை விளம்பரம் சொல்வது சரி.

ஆனால் அதைப் பால்மாவில் கலந்தால் பிள்ளை நன்றாக வளருமா? குறைமாதப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வளர்ச்சியிலோ பார்வையிலோ நிலையான, தெளிவான நன்மை தெரியவில்லை. 29 கிழமைக்கு முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு டீஎச்ஏ கொடுத்த ஒரு ஆய்வில், 5 வயதில் நுண்ணறிவு அளவு சுமார் 3.5 புள்ளி கூடியிருந்ததாக 2022இல் வெளிவந்தது உண்மை. ஆனால் அது வைத்தியசாலையில் அளந்து தனியாகக் கொடுத்த கரைசல். கடை டின் அல்ல. அதே ஆய்வின் 2017 முடிவில் நுரையீரல் நோயை அது தடுக்கவுமில்லை.

தாய்ப்பாலில் கொழுப்பில்லை என்பது வீண் பேச்சு. அதன் சக்தியில் பாதியளவு கொழுப்பிலிருந்தே வருகிறது. ஒரு நேரம் குடிக்கும்போது கடைசியாக வரும் பாலில் அது இன்னும் கூட. அந்தக் கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியும் தாய்ப்பாலிலேயே இருக்கிறது, பால்மாவில் இல்லை. குறைமாதப் பிள்ளையின் குடலைத் தாக்கும் பயங்கரமான நோயும் பால்மா குடிக்கும் பிள்ளைகளுக்கே கூடுதலாக வருகிறது.

சில பிள்ளைகளுக்கு டொக்டரே சத்துச் சேர்க்கச் சொல்வார், குறைமாதப் பிள்ளைக்கென்றே செய்த பால்மாவும் எழுதுவார். அந்த உம்மாமாரை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் நீங்கள் கடையில் வாங்குவது பெரும்பாலும் நிறைமாதப் பிள்ளைக்கானது. நிறை கூடட்டும் என்று பாலில் தேங்காய் எண்ணெய், பட்டர் கலக்கும் வேலையும் வேண்டாம்.

மெலிவு என்று சொல்லமுன் கணக்கையும் பாருங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையை நான்கு மாதத்தில் இரண்டு மாதப் பிள்ளையோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அல்ல.

பால்மாவைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1981இலேயே உலக சுகாதார சபை நெறிக்கோவை நிறைவேற்றியது. கம்பனி செய்யக் கூடாத அந்த வேலையை, சொந்தக் காசில் நாம் செய்து கொடுக்கிறோம்!

சூரா அல்பகராவின் 233ஆம் வசனத்தில் இரண்டு வருடப் பாலூட்டலை மட்டும் நாம் பயான்களில் கேட்கிறோம். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தகப்பன் மீது கடமை என்பதும் அதே வசனம்தான். தாய் சாப்பிடும் மீனைப் பொறுத்தே அவள் பாலில் டீஎச்ஏ கூடும், குறையும். கிரந்தி என்று மீனைத் தடுத்துவிட்டு டின்னில் மீன் கொழுப்பைத் தேடுவது என்ன நியாயம்?

டின் வாங்கும் காசுக்குச் சாளையோ சூடையோ வாங்கிக் கொண்டு போங்கள். ஆக்கிக் கொடுங்கள். மூத்த பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்கட்டும். பால் போதுமா என்ற சந்தேகத்தை மிட்வைஃப் மிஸ்ஸிடமும் கிளினிக்கிலும் கேட்கச் சொல்லுங்கள்.

முந்திப் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தரட்டும். ஆமீன்.