பெட்டியும் வீதியும்

காரைக்குடியில் ஒரு பெட்டியின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், அதை வீட்டுக்குள் உருட்டிப் பார்த்துப் பயனில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் எந்தப் பெட்டியும் அன்னம்போல நீந்தும். வாசலைத் தாண்டி, தோண்டி மூடிய பள்ளமும் ஜல்லி பெயர்ந்த தாரும் நிறைந்த வீதியில் இறங்கும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும்.

இந்த ஞானம் நமக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. நம் தெருவில் எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். பெங்களூரிலுள்ள மகள் வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தனியாகவே போய் வருகிறவர். சென்ற ஆண்டு, நாலு சக்கரமும் நல்ல பளபளப்பும் உள்ள பெட்டி ஒன்றை அவருக்குச் சிபார்சு செய்தவர்கள் நாமே. இரண்டாவது பிரயாணத்தில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே ஒரு சக்கரம் கழன்று சாக்கடை ஓரம் உருண்டது.

"பெட்டிக்கு ஆள் வேண்டாம்னு சொன்னீகளே தம்பி, இப்ப பெட்டியைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கே! இனிமே மகளையே இங்கிட்டு வரச் சொல்லிர்றேன்" என்றார் ஆச்சி.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. நினைத்தபோது புறப்பட்டுப் போகும் ஒருவருடைய சுதந்திரம், இரண்டு அங்குலச் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்றுதான் விளங்கிற்று.

செட்டிநாட்டார் பெட்டிக்குப் புதியவர்கள் அல்லர். சென்னையிலிருந்து ரங்கூனுக்கும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் கப்பலேறியவர்களின் பரம்பரை. அவர்கள் கொண்டுபோன மரப்பெட்டிகளும் டிரங்குகளும் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சக்கரம் கிடையாது. ஆகவே சக்கரம் உடைந்ததும் கிடையாது. சுமந்தவை மனிதத் தலைகள்.

சக்கரப் பெட்டியோ விமான நிலையத்துக்காகப் பிறந்தது. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ, நாலு சக்கரம் வைத்து வாரால் இழுக்கும் பெட்டிக்கு 1972-ல் உரிமை பெற்றார். 1987-ல் ராபர்ட் பிளாத் என்னும் விமானி, இரண்டு சக்கரமும் நீண்ட கைப்பிடியும் வைத்து அதை நிமிர்த்தி நிறுத்தினார். இருவர் மனத்திலும் இருந்தது வழவழப்பான தரை, நம் வீதியன்று.

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் விட்டம். கணக்கு எளிது. சக்கரத்தின்மேல் 10 கிலோ பாரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 1 சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்பில் முட்டி நிற்கும் 5 சென்டிமீட்டர் சக்கரத்தை நேரே இழுத்து ஏற்ற, சுமார் 13 கிலோ பலம் வேண்டும். 10 சென்டிமீட்டர் சக்கரத்துக்கு ஏழரைக் கிலோ போதும். சுழலும் நாலு சக்கரங்கள் பெரும்பாலும் சிறியவை. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவை. மேட்டில் இடித்தால் அவற்றின் காம்பு முறியும். சாய்த்து இழுக்கும் இரட்டைச் சக்கரம் பெரியதாகவும், பாதி உடலுக்குள் புதைந்தும் இருக்கும். நம் ஊருக்கு அதுவே உகந்தது. கடினப் பிளாஸ்டிக்கைவிட, ரப்பர்போலச் சிறிது இடங்கொடுக்கும் பாலியூரித்தேன் உறை போட்ட சக்கரம் அதிர்ச்சியைத் தாங்கும்.

இரண்டாவது, சக்கரம் ஆணியறைந்து இறுக்கப்பட்டதா, திருகாணியால் பூட்டப்பட்டதா என்று கவிழ்த்துப் பாருங்கள். திருகாணியானால் தேய்ந்த சக்கரத்தை மாற்றலாம். மாற்றுச் சக்கரம் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது கைப்பிடி. முழுதும் நீட்டி அசைத்துப் பாருங்கள். கடையிலேயே லொடலொடவென்று ஆடினால், வீதியில் ஆட்டம் போடும். உடல் கெட்டியோடானால், அழுத்தினால் குழிந்து மீளும் பாலிகார்பனேட்டோ பாலிபுரொப்பிலினோ நல்லது. விறைப்பான மலிவு ரகம் விரிசல் விடும்.

நான்காவதை நம் ஊர் வீடுகளே கற்பிக்கின்றன. தெருவிலிருந்து திண்ணைக்குப் படி, திண்ணையிலிருந்து முகப்புக்குப் படி, அப்புறம் வாசற்படி. அங்கே எந்தச் சக்கரமும் உதவாது, தூக்கத்தான் வேண்டும். எனவே வெறும் பெட்டியின் எடை குறைவாயிருக்கட்டும். பக்கவாட்டிலும் உறுதியான பிடி இருக்கட்டும். பலகாரச் சம்படம் போன்ற கனமான சாமானைச் சக்கரத்தின் அருகே அடியில் வையுங்கள். சாய்த்து இழுக்கையில் கைக்குப் பாரம் குறையும்.

வீதியைச் செப்பனிட வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும்; அதைக் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் ஆச்சியின் ரயில் அதுவரை காத்திராது.

நாமே கூடச் சென்று, இந்த நான்கையும் பார்த்து வேறொரு பெட்டி வாங்கிக் கொடுத்தோம். பளபளப்பு இல்லாத சாதாரணப் பெட்டி. சென்ற மாதம் ஆச்சி பெங்களூர் போய்த் திரும்பினார். பேரனைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். மழையைப் பற்றிச் சொன்னார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நல்ல பெட்டிக்கு இதைவிட வேறு நற்சாட்சி வேண்டுமா?