வருமாம், வரும், வந்தேவிட்டது

ஆடிப்பெருக்கு முடிந்து ஆவணி பிறந்தால் போதும். பேப்பரைப் பிரித்தாலும் டிவியைப் போட்டாலும் பேரன் கையிலிருக்கும் போனை எட்டிப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். ஆப்பிள் கம்பெனி அடுத்த மாதம் என்ன வெளியிடப் போகிறது? கேமரா இரண்டா மூன்றா, ஓரம் வளைவா தட்டையா, ஆரஞ்சுக் கலரில் வருமா வராதா? நடுவில் "வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்று ஒரு வரி. எந்த வட்டாரம், சூலூர் வட்டாரமா அன்னூர் வட்டாரமா என்று கேட்கத் தோன்றும் எனக்கு.

நான் போனுக்கு எதிரி இல்லை. இந்தப் பதிவையே போனில் பேசிப் பேசித்தான் டைப் செய்கிறேன். என் சண்டை இந்த ஆரூடத்தோடுதான்.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம். 2012 முதல் ஆப்பிள் தன் புது ஐபோனைச் செப்டம்பரில் அறிவிக்கிறது. கொரோனா வருடமான 2020இல் மட்டும் அக்டோபருக்குத் தள்ளிப் போனது. 2025இல் செப்டம்பர் 9. கோனியம்மன் தேர் மாசியில் ஓடும் என்று சொல்கிறவரை நாம் தீர்க்கதரிசி என்று கூப்பிடுவதில்லை. இங்கே மட்டும் "செப்டம்பரில் வெளியாகலாம் எனத் தகவல்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். என்ன வரும் என்பதும் பெரிய ரகசியமில்லை. போன வருடத்தைவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் நல்ல கேமரா, நம்பரில் ஒன்று கூடுதல்.

மீதிச் செய்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை நான் பீளமேட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் பகுதியில் வேலை பார்த்த காலம். புது மாடல் போட வேண்டுமானால் முதலில் மரப் பேட்டர்ன் செய்யக் கொடுக்க வேண்டும். பேட்டர்ன் ஆசாரிக்கு நாங்கள் மட்டுமா வாடிக்கை? எதிர்க் கம்பெனிக்கும் அவர்தான். அங்கிருந்து கணபதிப் பக்கம் ஃபவுண்டரிக்குப் போகும், ஃபவுண்டரியிலிருந்து லேத் பட்டறைக்குப் போகும். மூன்றாவது கை மாறுவதற்குள் டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். "அவங்க இம்பெல்லர் சைஸை மாத்தறாங்களாமா. ஏழரை எச்.பி.யில புதுசு வருதாமா." பாதி சரியாக இருக்கும், பாதி தப்பாக இருக்கும். ஏனென்றால் பேட்டர்ன் செய்த மாடலெல்லாம் சந்தைக்கு வருவதில்லை. டெஸ்ட்டில் தண்ணீர் குறைவாகத் தள்ளினால் அந்தப் பேட்டர்ன் பரணுக்குப் போய்விடும். கடைசி வரை டீக்கடைக்காரருக்கு அது தெரியாது.

ஆப்பிள் சமாச்சாரமும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. திரை ஒரு கம்பெனி, கேமரா லென்ஸ் இன்னொரு கம்பெனி, கூடு வேறொரு கம்பெனி. யாருக்கு எவ்வளவு ஆர்டர் போனது என்று விசாரித்துக் கணக்குப் போடுகிறார்கள். தைவானைச் சேர்ந்த மிங்-சி குவோ இப்படித்தான் பெயர் வாங்கினார். ப்ளூம்பெர்க்கில் மார்க் குர்மன் என்பவர் உள்ளே இருப்பவர்களிடம் பேசி எழுதுகிறார். இவர்கள் உழைத்து எழுதுகிறவர்கள், பல தடவை சரியாகவும் சொல்லியிருக்கிறார்கள். திங்க் சீக்ரெட் என்று ஒரு இணையதளம் இருந்தது. நடத்தியவர் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். 2005 ஜனவரியில் வெளிவந்த மேக் மினி என்ற குட்டிக் கம்ப்யூட்டரை, 499 டாலர் விலை உட்பட, முன்கூட்டியே சொன்னார். ஆப்பிள் கேஸ் போட்டது. 2007 கடைசியில் சமரசமாகி அந்தத் தளத்தையே மூடினார்கள். சொன்னது சரியாக இருந்ததால் வந்த தண்டனை. அந்தப் பையன் மீது எனக்கு மரியாதை உண்டு.

என் கோபமெல்லாம் மூன்றாம் கை ஆட்கள் மேல். நம் தமிழில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. காதால் கேட்டதைச் சொல்லும்போது கடைசியில் "ஆம்" சேர்த்துவிடுவோம். "மழை வருமாம்" என்றால் நான் பொறுப்பில்லை, யாரோ சொன்னார்கள் என்று அர்த்தம். டீக்கடைக்காரர்கூட "வருதாமா" என்றுதான் சொன்னார். அமெரிக்காவில் ஒருவர் "வரலாம் என்று கேள்விப்படுகிறேன்" என்று எழுதுவது டெல்லி இணையதளத்தில் "வருமாம்" ஆகி, சென்னைக்கு வந்ததும் "வரும்" ஆகிவிடுகிறது. யூட்யூபில் கத்துகிற பையன் வாயில் "வந்தேவிட்டது மக்களே!" அந்த "ஆம்" எந்த ஸ்டேஷனில் இறங்கியது என்று ஒருவரும் தேடுவதில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ரேஸ்கோர்ஸில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர் ஒருவர், வயது எழுபத்தி மூன்று. அவருடைய போனில் பேட்டரி போய்விட்டது. காலை எட்டு மணிக்கு நூறு காட்டும், பத்தரைக்கு அணைந்துவிடும்.

"ஏனுங்க, புதுசு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?"

"பேரன் பொறுங்கங்கிறானுங்க. செப்டம்பர்ல புதுசு வருதாமா. அதுல பேட்டரி ரெண்டு நாள் நிக்குமாமா."

இது நடந்தது ஜூன் மாதம். ஆகஸ்டில் ஒரு நாள் அவர் மனைவி சர்க்கரை குறைந்து வீட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இவர் உக்கடம் பஸ் ஸ்டாண்டில், அணைந்த போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நல்லவேளை, அந்தம்மா தேறிவிட்டார்கள். அந்த வாரமே புது பேட்டரி மாற்றினார். அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

நாம் காத்திருந்தே வளர்ந்த தலைமுறை. ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் கேஸ் இணைப்புக்கும் பதிந்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். அன்றைக்குப் பொருள் இல்லை, காத்திருந்தோம். இன்றைக்கு கிராஸ்கட் ரோட்டில் கடை கடையாகப் பொருள் கொட்டிக் கிடக்கிறது. கையில் பணமும் இருக்கிறது. அப்படியும் காத்திருக்க வைக்கிறார்கள் என்றால் அது சாமர்த்தியம்தான்.

இந்தச் சாமர்த்தியத்தின் ஆதியை ஒரு பழைய கதையில் பார்க்கலாம். ஆஸ்போர்ன் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. 1981இல் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை முதலில் நன்றாக விற்றவர்களில் அவர்களும் உண்டு. 1983இல் அடுத்த மாடலைப் பற்றி முன்னாலேயே வாய்விட்டுப் பேசினார்கள். ஜனங்கள் புதுசு வரட்டும் என்று பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள். அதே வருடம் செப்டம்பரில் கம்பெனி திவால். அது ஒன்றே காரணமில்லை என்பாரும் உண்டு. ஆனாலும் தொழில் நடத்துகிறவர்கள் அத்தனை பேரும் இந்தக் கதையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆப்பிள் வாயை மூடிக்கொண்டிருப்பது தவத்தால் அல்ல. தான் பேசினால் இருப்பு சரக்கு தேங்கும். மற்றவர்கள் பேசினால் இரண்டு மாதம் ஊரெல்லாம் தன் பெயர், ஒரு பைசா விளம்பரச் செலவு கிடையாது. நம் பேப்பர்கள் அந்த இடத்தைத் தாங்களாகவே தானம் செய்கின்றன. ஒரு பம்ப் விளம்பரத்துக்குக் கால் பக்கம் கேட்டால் எவ்வளவு வாங்குவார்கள் என்பது பர்ச்சேஸ் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர் சொல்லி எனக்குத் தெரியும்.

சரி, சொன்னது நடக்காவிட்டால்? அதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. ஆப்பிள் ஒரு டிவிப் பெட்டி கொண்டுவரப் போகிறது என்று ஜீன் மன்ஸ்டர் என்ற பங்குச் சந்தை ஆய்வாளர் வருடா வருடம் சொன்னார். 2015இல், அந்தத் திட்டத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கார் வரப் போகிறது என்று பத்து வருடம் எழுதினார்கள். இந்த வருடம், அடுத்த வருடம், 2025, 2026, 2028. கார் விற்கப் போகிறோம் என்று ஆப்பிள் ஒரு நாளும் அறிவித்ததில்லை. 2024 பிப்ரவரியில் அந்த வேலையையே நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. பத்து வருடம் கார் படம் வரைந்து போட்ட பத்திரிகைகளில் எத்தனை வருத்தம் தெரிவித்தன? குடுகுடுப்பைக்காரர் சொன்னது பலிக்காவிட்டால் அடுத்த வருடம் அந்த வாசலுக்கு வரக் கூச்சப்படுவார். இவர்கள் மறுநாளே மடக்குப் போனுக்குத் தாவிவிட்டார்கள்.

கம்பெனி சொன்னதுகூட நடக்காமல் போகிறதே! ஏர்பவர் என்று ஒரு சார்ஜர் பலகை. 2017 செப்டம்பரில் ஆப்பிளே மேடையில் காட்டி, அடுத்த வருடம் வரும் என்றது. 2019 மார்ச்சில், எங்களால் சரியாகச் செய்ய முடியவில்லை என்று கைவிட்டது. 2024 ஜூனில், நம் மெயிலையும் மெசேஜையும் புரிந்துகொண்டு பதில் சொல்லும் சிரி வரும் என்றார்கள். அதைக் காட்டிப் புதுப் போனுக்கு விளம்பரமும் ஓடியது. 2025 மார்ச்சில், இன்னும் நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். செய்கிறவனுக்கே நிச்சயமில்லாததை யூட்யூப் பையன் நிச்சயமாகச் சொல்கிறான்.

நம் ஊரில் அறிவிப்பு என்பது எப்படி இருந்தது தெரியுமா? ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் கோயமுத்தூர்க்காரன் வாய் மூடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941இல் அவரே தன் பெயரில் அறிவித்தார். 1952இல் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகும் காரைச் செய்து காட்டினார். லைசென்ஸ் கிடைக்காமல் உற்பத்தி நின்றது. செய்தேன், இதோ பார், இவ்வளவு விலை என்று நேரே சொன்ன பேச்சு. நடந்ததும் நடக்காததும் அவர் கணக்கில். 1955இல் சபாபதி என்பவர் இங்கே முதல் வெட் கிரைண்டரைச் செய்தார், ஊத்துக்குளிக் கல்லை வைத்து. அதற்கு முந்தின ஆவணியில் யாரும் "ஆட்டுக்கல் தானாகச் சுற்றலாம் எனத் தகவல்" என்று எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாவு ஆட்டிக் கை வலித்தவர்கள் பார்த்தார்கள், வாங்கினார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. எனக்கு உண்மையில் பற்றி எரிவது வேறு இடத்தில். அந்த ஐபோன் இப்போது எங்கே செய்யப்படுகிறது? ஸ்ரீபெரும்புதூரில், நம் தமிழ்நாட்டில். 2019 முதல் ஃபாக்ஸ்கான் அங்கே ஐபோன் கூட்டிக் கட்டுகிறது. 2023இல் ஐபோன் 15 வெளியான அன்றே இங்கே செய்த போன்களும் கடைக்கு வந்தன. ஓசூர்ப் பக்கம் டாடா செய்கிறது. திருகாணியிலிருந்து திரை வரை துப்புத் துலக்குகிற வட்டாரங்கள், திருகாணியை முடுக்கும் கையைப் பற்றி என்ன எழுதின?

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 250க்கும் மேற்பட்ட பெண்கள் நோயில் விழுந்தார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 2024 ஜூனில், கல்யாணமான பெண்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் விசாரித்து எழுதியது. கம்பெனி மறுத்தது, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அதே ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். நல்ல காரியம், கட்டாயம் எழுத வேண்டிய செய்தி. அந்த ஆகஸ்டில் நான் படித்த பேப்பரில் விடுதிக்குக் கிடைத்த இடத்தைவிட, அடுத்த போனில் பக்கவாட்டில் ஒரு பட்டன் கூடுமா கூடாதா என்பதற்கு அதிக இடம் கிடைத்தது.

போன் வாங்க நினைக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆரூடத்தில் பிரயோஜனமான விஷயம் ஒன்றே ஒன்று. செப்டம்பரில் புதுசு வந்ததும் முந்தின மாடல் விலை இறங்கும். 2025இல் ஐபோன் 17 இங்கே 82,900 ரூபாய்க்கு வந்தபோது, 79,900க்கு வந்திருந்த 16இன் விலை 69,900 ஆனது. ஆகவே ஜூலை ஆகஸ்டில் அவசரமில்லாவிட்டால் வாங்காதீர்கள். அவசரமென்றால் அன்றைக்கே வாங்குங்கள், அல்லது பேட்டரியை மாற்றுங்கள். இதைத் தெரிந்துகொள்ள அறுபது வீடியோ பார்க்க வேண்டியதில்லை.

பத்திரிகைக்காரத் தம்பிகளுக்கும் ஒன்று கேட்கிறேன். வருகிற ஆவணிக்கு ஊகம் எழுதியே ஆக வேண்டுமென்றால் இதைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த போனைக் கட்டப் போகிற பெண்ணுக்குச் சம்பளம் கூடுமா? அவள் கான்ட்ராக்டா, நிரந்தரமா? கல்யாணமானால் அவள் வேலை நிற்குமா? காந்திபுரத்தில் ராத்திரி பஸ் ஏறினால் விடியலில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இறங்கிக்கொள்ளலாம், ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.